எதிராளிக்குப் பின்னால் நின்றவர்

சதுரங்கம் ஆடும்போது மச்சானால் தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. எதிரில் இருப்பவர் ஒரு காயை நகர்த்தியதும் எழுந்துவிடுவார். மேசையைச் சுற்றி வந்து, எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகையைப் பார்ப்பார். பார்த்து முடித்ததும் திரும்பிப் போய் உட்கார்ந்து தன் காயை நகர்த்துவார். ஒரு ஆட்டத்துக்கு முப்பது நாற்பது முறை இது நடக்கும். அவரோடு ஆடினால் கழுத்து வலிக்கிறது என்று பலர் சொன்னார்கள்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். போடிநாயக்கனூரில் ஜீப்பு ஓட்டினார். ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகக் கேரளத்துப் பக்கம் போவார். சாயங்காலம் அவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இடையில் ஆறேழு மணி நேரம் தோட்டத்தில் சும்மா இருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடினார்கள், அல்லது தூங்கினார்கள். மச்சானும் அந்தத் தோட்டத்து மலையாளிக் கணக்கரும் சதுரங்கம் ஆடினார்கள். நான் அப்போது போடியில் ஒரு உரக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஆடுவார்.

எதற்காக எழுந்து வருகிறீர்கள் என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

“என் பக்கத்துல இருந்து பாத்தா நான் என்ன செய்யணும்னுதான் தெரியுது மாப்ளே. நீ என்ன செய்யப்போறேன்னு ஒன் பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியுது” என்றார்.

சதுரங்கத்தோடு இது நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே இதைச் செய்தார். போடிக்குப் பக்கத்தில் சிலமலையில் எங்கள் வீட்டுக்கூடத்தில் ஒரு பக்கம் அவர்கள் ஆட்கள், எதிரே நாங்கள். நகைப் பேச்சு வந்தது. அவருடைய பெரியப்பா ஒரு கணக்குச் சொன்னார். என் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எழுந்தார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கூடத்தைக் கடந்து வந்து என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்து தன் பெரியப்பாவையும் சித்தப்பாக்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இங்க இருந்து பாத்தா அதிகமாத்தான் கேக்குறாக” என்று என் அப்பாவிடம் சொன்னார். “ஒத்துக்காதீக.”

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் நடந்தது. பெரியப்பா மட்டும் பந்தியில் உட்காரவில்லை. அக்கா அதற்குப் பிறகு நான்கைந்து வருடம் இதையே எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஏனென்றால் அவர் எல்லோருக்கும் அதைச் செய்தார். போடிமெட்டுக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் காய்கறி லாரி ஒன்று அவருடைய ஜீப்பின் பக்கவாட்டை நசுக்கியது. தப்பு முழுக்க லாரிக்காரருடையது. போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது மச்சானைக் காணோம். அவர் லாரிக்குள் ஏறி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து, “அந்தக் கண்ணாடிய வச்சுக்கிட்டு அந்த வளவுல ஜீப்பு தெரியாது சார். நானும் இடிச்சிருப்பேன்” என்றார். லாரிக்காரர் அதுவரை தன் பங்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர், தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இன்னொரு சமயம் ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவது என்று தகராறு. பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று பெண்கள் சொன்னார்கள். பதினாலு ஏற்றாவிட்டால் டீசலுக்கே கட்டாது என்று டிரைவர்கள் சொன்னார்கள். டிரைவர்கள் கூட்டத்தில் மச்சான் எழுந்து, பின்கதவில் தொங்கிக்கொண்டு வரும் பெண்ணுக்கு வளைவில் பிடி எப்படி நழுவும் என்பதை விளக்கமாகச் சொன்னார். முதல் நாள் அதைத் தானே தொங்கிப் பார்த்திருந்தார். டிரைவர்கள் அவரைத் துரோகி என்றார்கள். மறுநாள் பெண்கள் அவருக்கு நன்றி சொல்ல வந்தார்கள். அவர்களிடம் டயர் விலையையும் பர்மிட் செலவையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, “அவுக எடத்துல இருந்தா ஒங்களுக்கும் பதினாலுதான் தோணும்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் கூட்டம் போடும்போது அவருக்குத் தெரியாமல் போட்டார்கள்.

அவர் இப்போது இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளும் குடிக்காதவருக்குக் கல்லீரல் கெட்டுப்போனது. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவுகளை வைத்துக்கொண்டு, வயது குறைந்த டாக்டர் ஒருவர் எங்களிடம் பேசினார். நேராகச் சொல்லாமல் எதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். மெதுவாக மேசையைச் சுற்றிப் போய் டாக்டருக்குப் பின்னால் நின்று, அக்காவும் நானும் உட்கார்ந்திருப்பதையும் தன் காலி நாற்காலியையும் பார்த்தார்.

“இங்க இருந்து சொல்றது கஷ்டந்தான் டாக்டர்” என்றார். “பரவாயில்ல, சொல்லுங்க.”

டாக்டர் சொன்னார். பிறகு மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். மற்ற நோயாளிகளுக்கு அப்படி வருவாரா என்று தெரியாது.

அது கடைசி. நான் சொல்ல வந்தது அதற்குப் பல வருடம் முந்தியது. பழைய ரயில் பாதையைப் பிடுங்கிப்போட்டு, போடிக்கு ரயிலே இல்லாமல் இருந்த வருடங்களில் ஒன்று.

அக்கா போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது குடோனில், காய் பொறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அறுபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காயைப் பரப்பி, உடைந்தது, வெளுத்தது, கருத்தது என்று பிரிப்பார்கள். பெரிய பச்சைக் காய்க்குத்தான் விலை. சாயங்காலம் போகும்போது வாசலில் காவல்காரர் பையைத் தட்டிப் பார்ப்பார். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

ஒரு நாள் அக்கா உட்கார்ந்திருந்த வரிசையில் சாக்குக்கு அடியில் ஒரு பிடி பெரிய காய் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்ததாம். யார் வைத்தது என்று தெரியவில்லை. சூப்பர்வைசர் வாசலுக்கு வந்து நின்றுகொண்டு, அந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறந்து காட்ட வேண்டும் என்றார். அக்காதான் முதலில் நின்றாள்.

“எட்டு வருசமா வர்றேன். என் சட்டிய ஒருத்தரும் தொறந்ததில்ல. நான் தொறக்க மாட்டேன்” என்றாள்.

சூப்பர்வைசர் குரலை உயர்த்தினார். அக்கா போனை எடுத்து மச்சானுக்குப் பேசினாள். ஜீப்பு ஸ்டாண்டு அடுத்த தெருவில்தான். மச்சான் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். பின்னால் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள்.

மச்சான் அக்காவைத் தாண்டிப் போனார். சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் போய் நின்று, திரும்பி, அந்த வாசலையும் வரிசையையும் அக்காவையும் பார்த்தார். நாற்பது நொடி பார்த்திருப்பார் என்று கூட வேலை செய்த பெண் பிறகு சொன்னாள்.

“தொறந்து காட்டிரு” என்றார் அக்காவிடம். “அறுபது பேருக்கு இவருதான பதில் சொல்லணும். இவரு எடத்துல நானா இருந்தாலும் கேட்டுத்தான் இருப்பேன்.”

அக்கா திறந்தாள். உள்ளே புளிக்குழம்பு ஒட்டிய சோறு கொஞ்சமும் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, சரி போ என்று கையைக் காட்டினார். அக்கா மூடியைப் போட்டாள். வீட்டுக்குப் போகாமல், அந்தச் சட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து சிலமலைக்கு டிக்கெட் எடுத்தாள்.

மூன்றாம் நாள் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தார்கள். அக்கா உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மச்சான் மோரைக் குடித்துவிட்டு அம்மாவிடம், “அவ கோவிச்சுக்கிட்டு வந்தது நியாயந்தான் அத்தே. அவ எடத்துல நானா இருந்தா நானும் இப்படித்தான் கெளம்பி வந்திருப்பேன்” என்றார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “அதையும் அவரே சொல்லிட்டாராக்கும்.”

மச்சான் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். அக்கா வெளியே வரவில்லை. அவர்களுடைய மகள் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். போன் செய்து இரண்டு பேரிடமும் மாறி மாறி அழுதாள். அக்கா கிட்டங்கி வேலைக்கும் போகவில்லை. அவள் திரும்பிப் போகப்போவதில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. அம்மா பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார்கள்.

அந்த மாதக் கடைசி ஞாயிறில் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சதுரங்கப் போட்டி நடந்தது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். சில ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தினார்கள். ஆளுக்கு அரை மணி நேரம், மொத்தம் ஆறு சுற்று. மதுரையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கல்லூரிப் பையன்கள் வந்திருந்தார்கள். நானும் மச்சானும் இந்தத் தகராறுக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தோம்.

மச்சானுக்கு ஒரே ஒரு தொடக்கம்தான் தெரியும். வெள்ளைக் காய் கிடைத்தால் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். எதிராளியும் அதையே செய்தால், அடுத்து வலது பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, வெட்டுக்கு வைப்பார். எடுத்துக்கொள் என்று அர்த்தம். அதை எடுத்தால் எதிராளிக்கு ஒரு சிப்பாய் லாபம். மச்சானுக்கு வழி திறக்கும். இதற்குக் கிங்ஸ் கேம்பிட் என்று பெயர் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் அதைக் ‘கொடுத்து ஆடுறது’ என்றுதான் சொல்லுவார். ஏன் முதலிலேயே கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், “எதிராளி கையிலயும் ஏதாவது இருக்கணும்ல” என்பார்.

மூன்றாவது சுற்றில் அவரிடம் தோற்ற மதுரைப் பையன் அவருக்குப் பெயரைச் சொல்லிக்கொடுத்தான். அதோடு, “அங்கிள், இந்த ஓப்பனிங் தப்புன்னு கம்ப்யூட்டர்ல நிரூபிச்சுட்டாங்க” என்றான்.

மச்சான் யோசித்தார். “கம்ப்யூட்டரு பக்கத்துல இருந்து பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

அவர் எழுந்து போய் எதிராளிக்குப் பின்னால் நிற்பது முதல் சுற்றிலேயே பிரச்சினை ஆனது. நடுவர் ஒரு உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் விசிலோடு வந்திருந்தார். எதிராளி ஆட்சேபித்தால் நிற்கக்கூடாது, ஆட்சேபிக்காவிட்டால் நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு பேர் ஆட்சேபித்தார்கள். அந்த இரண்டில் ஒரு ஆட்டம் தோற்றார், ஒன்று சமன் ஆனது. ஆட்சேபிக்காத மூன்று பேரையும் ஜெயித்தார்.

மத்தியானம் அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். மச்சானுக்குக் கொண்டுவரவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் நின்று நான் சாப்பிட்டேன். ஐந்தாவது சுற்று முடிந்து, கடைசிச் சுற்றுக்கான பட்டியலை ஒட்டியபோது அக்கா இன்னும் கிளம்பியிருக்கவில்லை. நான் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்து, “மச்சானோட விழுந்திருக்கு” என்றேன். எனக்கும் அவர் அளவுக்கே புள்ளிகள் இருந்தன. ஜெயிப்பவருக்கு மூன்றாம் இடம் கிடைக்கும்.

அக்கா பாத்திரங்களைக் கூடைக்குள் வைத்தாள். “அப்ப நானும் இருந்து பாக்குறேன்” என்றாள். “நீ அவரத் தோக்கடி.”

“அவருக்குத்தான் வெள்ளக் காயி, அக்கா. எனக்குக் கறுப்பு.”

“எந்தக் கலரா இருந்தா என்ன? தோக்கடி.”

அவள் சதுரங்கம் தெரியாதவள். பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில், மச்சானின் முதுகுக்கு நேர் பின்னால் நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவர் நாற்காலியிலிருந்து திரும்பினால் ஒழியத் தெரியாத இடம்.

நாங்கள் கை குலுக்கினோம். நடுவர் வந்து, “இவர் எழுந்து வருவாரு. உங்களுக்கு ஆட்சேபனை இருக்கா?” என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாகப் பழகிய கழுத்து.

மச்சான் சிப்பாயைத் தள்ளினார், நானும் தள்ளினேன். அவர் இரண்டாவது சிப்பாயைக் கொடுத்தார். வீட்டில் ஆடும்போது நான் அதை வாங்க மாட்டேன். வாங்கினால் என்ன ஆகும் என்று தெரியும். அன்று வாங்கினேன். அவர் குதிரையைக் கொண்டுவந்தார். நான் வாங்கிய சிப்பாயைக் காப்பாற்ற இன்னொரு சிப்பாயை முன்னால் தள்ளி, அதை மேலும் தள்ளிக் குதிரையை விரட்டினேன். குதிரை விலகவில்லை. மச்சான் அதை அங்கேயே விட்டுவிட்டு, தன் ராஜாவை ஓரத்துக்கு நகர்த்திக் கோட்டை கட்டினார். குதிரையையும் எடுத்துக்கொள் என்று அர்த்தம். எனக்கு வெறி ஏறியிருந்தது. எடுத்தேன்.

பத்தாவது நகர்த்தலுக்குள் என் கையில் ஒரு குதிரையும் இரண்டு சிப்பாயும் லாபம். ஆனால் என் ராஜா நடுவில் நின்றது. என் காய்களில் பாதி இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. அவருடைய ராணியும் யானையும் மந்திரியும் திறந்த வழியில் என் ராஜாவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவர் எழுந்து வந்து, பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் என் பின்னால் நின்றார். அவர் சட்டையில் எப்போதும் இருக்கும் ஏலக்காய், டீசல் வாசனை வந்தது. அன்று சலவை சோப்பு வாசனையும் இருந்தது. அவரே துவைத்திருக்கிறார்.

பதின்மூன்றாவது நகர்த்தலை ஆடிவிட்டு நான் கடிகாரத்தைத் தட்டினேன். அவருக்கு இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. அவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார்.

இந்த முறை திரும்பிப் போகவில்லை.

நான் பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் போனது. நிமிர்ந்தேன். எனக்கு எதிரே அவருடைய காலி நாற்காலி. அதற்கு நேர் பின்னால், நான்காவது வரிசையில், மடியில் கூடையை வைத்துக்கொண்டு அக்கா. அவள் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் என்னைக் கடந்து போனார். தன் நாற்காலியையும் கடந்து போனார். நாற்காலி வரிசைகளுக்கு இடையில் பக்கவாட்டாக நுழைந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே என்ன பேசினார்கள் என்பதை அக்கா பிறகு சொன்னாள்.

“என் எடத்துல இருந்தா நீ தெரியல” என்றாராம் மச்சான். “அங்க போய்ப் பாத்தப்பத்தான் தெரிஞ்ச.”

“தெரியக்கூடாதுன்னுதான் இங்க ஒக்காந்தேன்.”

“ஒன் கோவம் நியாயந்தான். ஒன் எடத்துல நானா இருந்தா…”

“என் எடத்துல நீங்க இல்ல” என்று அக்கா வெட்டிவிட்டாள். “சும்மா அதையே சொல்லாதீக. அன்னைக்கி அந்த ஆளு பக்கத்துல போயி காலால நடந்து நின்னீகள்ல? என் பக்கத்துக்கு மட்டும் வாயால வந்தாப் போதுமா? ஒரு நா அந்த வரிசையில வந்து நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

 “கிட்டங்கியில எத்தன மணிக்கு விடுவாக?” என்று கேட்டாராம் மச்சான்.

“அஞ்சரைக்கு.”

 அதற்குப் பிறகும் அவர் எழுந்து வரவில்லை. ஒரு நாற்காலி இடைவெளிகூட இல்லாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒன்றும் இல்லை, கோப்பைகளை அடுக்கிய மேசை மட்டும் இருந்தது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்று பலகையைப் பார்த்தேன். அதுவரை நான் அப்படிச் செய்ததில்லை. அவர் பக்கத்திலிருந்து எல்லாம் சுத்தமாகத் தெரிந்தது. யானையைக் கொடுத்துவிட்டு, ராணியை என் ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் நான்கு நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். என்னால் தடுக்க ஒன்றும் இல்லை. நான் தோற்றுப்போயிருந்தேன்.

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். கடிகாரத்தில் நாலு நிமிடம் இருந்தது, பிறகு மூன்று. கூப்பிட்டிருக்கலாம். மச்சான், நேரம் போகுது என்று ஒரு வார்த்தை போதும். நான் கூப்பிடவில்லை. அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிகாரத்தில் சைபர் வந்தது. கையைத் தூக்கினேன். நடுவர் வந்து பார்த்து, கறுப்புக்கு வெற்றி என்றார்.

மச்சான் வந்து கை கொடுத்தார். முடிவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். பலகையை ஒருமுறை பார்த்தார். அவருக்கும் அந்த நான்கு நகர்த்தல் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிதான் மாப்ளே. ஒன் எடத்துல நானா இருந்தாலும் கையத் தூக்கித்தான் இருப்பேன்” என்றார்.

அது பொய். அவர் தூக்கியிருக்க மாட்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மறுநாள் திங்கட்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் பரிசுக் கோப்பை டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா சிலமலைக் கடையில் வாங்கி வந்த அவரைக்காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐந்தே முக்காலுக்கு அவள் போன் அடித்தது. கிட்டங்கியில் கூட வேலை செய்யும் பெண். அக்காவின் கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏடி, ஒன் வீட்டுக்காரரு இங்க எங்ககூட வரிசையில நிக்கிறாரு.”

அக்கா அவரைக்காயைக் கீழே வைத்தாள். “என்னடி சொல்ற?”

“சத்தியமா. கையில தூக்குச்சட்டி. காவக்காரரு, என்னண்ணே நீங்க இங்கேங்காரு. நம்மாளு, அன்னைக்கிப் பாத்த மாதிரி எனக்கும் சட்டியப் பாருங்கங்காரு. சூப்பர்வைசரு வந்துட்டாரு. இரு இரு.” கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பெண்கள் சிரிக்கும் சத்தம். “தமாசு பண்றீகளா, போங்கண்ணேங்காரு. இவரு போக மாட்டேங்காரு. பின்னால எல்லாரும் சத்தம் போடுறாளுக, பஸ்சுக்கு நேரமாச்சுன்னு. சரி தொற, காட்டிட்டுப் போன்னு கத்துறாரு அந்த ஆளு. ஆத்தாடி, தொறக்குறாரு. மூடி வரமாட்டேங்குது…”

“உள்ள என்னடி இருக்கு?” என்றாள் அக்கா.

“கடிச்சுப் போட்ட இட்லி ரெண்டு. சட்னி ஊத்திக் கொழகொழன்னு இருக்கு. எல்லாரும் எட்டிப் பாக்குறாளுக.” குரல் தணிந்தது. “இப்ப ஒருத்தியும் சிரிக்கலடி. அவரு அந்தப் பக்கம் திரும்புறாரு, இந்தப் பக்கம் திரும்புறாரு. பாக்க ஒரு மாதிரியா இருக்குடி. நான் அப்புறம் பேசுறேன்.”

அக்கா போனைத் தரையில் வைத்தாள். அவரைக்காய் முழுவதையும் ஆய்ந்து முடித்தாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள்.

ஆறரை மணி சுமாருக்கு மச்சான் வந்தார். ஜீப்பில் வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தார். கையில் அந்தத் தூக்குச்சட்டி. அம்மா உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. அக்கா அறை வாசலுக்கு வந்து நின்றாள். அந்த மாதத்தில் அவர் வந்திருக்கும்போது அவள் வெளியே வந்தது அதுதான் முதல் முறை.

ஏதாவது விளக்கம் சொல்வார் என்று காத்திருந்தேன். சூப்பர்வைசர் பக்கத்து நியாயம், காவல்காரர் பக்கத்து நியாயம், வரிசையில் நின்ற பெண்களின் நியாயம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வார் என்று நினைத்தேன்.  அவர் சட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

“மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.  அம்மா சமையலறைக்குள் போய்விட்டார்கள். நான் டி.வி.யைப் பார்த்தேன். அது அணைந்திருந்தது.

அக்கா உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. பையோடு வெளியே வந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஆய்ந்து வைத்த அவரைக்காயைக் கட்டிய பாலிதீன் கவர். அவரைப் பார்க்காமல் தாண்டிப் போய் வாசலில் செருப்பை மாட்டினாள்.

“ஏழு மணி பஸ்சு போயிரும்” என்றாள். “வெரசா வாங்க.”